ராக்கம்மாளின் காப்பீட்டு அட்டை

திங்கட்கிழமை காலைகளில் காப்பீட்டுச் சர்வர் மெதுவாகத்தான் ஓடும். சனி, ஞாயிறில் சேர்ந்த நோயாளிகளை எல்லா மருத்துவமனைகளிலும் ஒரே நேரத்தில் ஏற்றுவார்கள். அதனால் அவசரமில்லாதவர்களைச் செவ்வாய்க்கிழமை வரச் சொல்வது என் வழக்கம். நீங்களும் செவ்வாய்க்கிழமை வந்திருக்கிறீர்கள். நல்லதாகப் போயிற்று, நிதானமாகப் பேசலாம்.

என் பெயர் கந்தப்பன். சேவூர்ப் பக்கம் தோட்டம் இருந்த குடும்பம். தண்ணீர் கீழே போன பிறகு திருப்பூருக்கு வந்துவிட்டோம். ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். அந்த நிறுவனம் மூடியதும், தெரிந்தவர் சொல்லி இந்த மருத்துவமனையில் காப்பீட்டு ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்தேன். வேலை மாறினாலும் செய்வது ஏறக்குறைய அதேதான். அங்கே ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுப் பையர் கேட்டபடி துணி போக வேண்டும். இங்கே அரசாங்கம் கேட்டபடி நோய் போக வேண்டும்.

இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. திட்டம் நல்ல திட்டம். மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து நடத்துகின்றன. பணத்தில் இரண்டு பேருக்கும் பங்கு உண்டு, விதிகளில் இரண்டு பேருக்கும் சொல் உண்டு. நடுவில் காப்பீட்டு நிறுவனம், அதற்குக் கீழே ஒப்புதல் கொடுக்கும் மருத்துவர்கள், அதற்குக் கீழே மருத்துவமனை. எல்லாவற்றுக்கும் கீழே, மருந்துக் கடைக்கும் லிஃப்டுக்கும் இடையில் என் மேசை. அந்த மேசைக்கு மேலே என்னென்ன இருக்கிறது என்பது நோயாளிக்குத் தெரியாது. ரேஷன் கார்டையும் ஆதாரையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வந்து நிற்பவருக்கு, நான் தலையாட்டினால் அரசாங்கம் தலையாட்டிய மாதிரி.

அதை நான் ஒருபோதும் தவறாகப் பயன்படுத்தவில்லை. யாரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை. இதை மருத்துவமனையில் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

ஜமுனாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவளிடமிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

போன ஐப்பசியில் பிரதீப் எனக்குப் போன் செய்தான். ஊத்துக்குளி ரோட்டில் உள்ள ஒரு சிறிய பனியன் யூனிட்டில் அவன் மேனேஜர். பழைய நிறுவனத்தில் என்னோடு வேலை பார்த்தவன்.

“அண்ணா, ஒரு ஒத்தாசை பண்ணணுங்ணா. ஒரிசாப் புள்ள ஒன்னு வயித்து வலின்னு சுருண்டு கெடக்குது. இங்க பாத்த டாக்டரு குடல்ல ஓட்டைங்கறாருங்ணா. உடனே ஆப்பரேசனாமா.”

“இ.எஸ்.ஐ. இருக்குதா?”

“காண்ட்ராக்ட்ல வந்த புள்ளைங்ணா. இன்னும் எதுலயும் சேக்கலீங்க.”

அவளை அழைத்து வந்தார்கள். இருபதைத் தாண்டியிருக்க மாட்டாள். வயிறு பலகை மாதிரி இருந்தது. கையில் ஏதோ ஒரு அட்டை வைத்திருந்தாள். அது அவளுடைய ஊரில் கொடுத்த அட்டை, எங்கள் கணினியில் ஏறவில்லை. இங்கே உள்ள திட்டத்தில் சேர்க்க இங்கே ரேஷன் கார்டு வேண்டும். இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் உள்ள இடுக்கில் அவள் விழுந்துவிட்டாள். அரசு மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் அங்கே போனால், எந்த யூனிட், ஏன் இ.எஸ்.ஐ. இல்லை என்று கேள்வி வரும் என்று பிரதீப் பயந்தான். எங்களிடம் அறுவை மருத்துவர் அந்த நேரத்தில் சும்மாதான் இருந்தார். அதைவிட முக்கியம், என்னால் முடியும் என்று எனக்குத் தெரியும்.

மெர்ச்சண்டைசராக இருந்தபோது, பையரின் ஆள் ஆய்வுக்கு வரும் நாளில் ஒரு லாட்டில் டேமேஜ் இருந்தால், வேறு லாட்டிலிருந்து நல்ல பீஸ்களை எடுத்து அந்தப் பெட்டியில் வைப்போம். அதைப் பொய் என்று நாங்கள் நினைத்ததில்லை. சரக்கு கப்பலேற வேண்டும், அவ்வளவுதான். ஜமுனாவுக்கும் அப்படி ஒரு நல்ல அட்டை வேண்டியிருந்தது.

அதைக் கொடுத்தவர் ராக்கம்மாள்.

அதே யூனிட்டில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் மேசையில் வேலை பார்த்தவர். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர். கணவர் இல்லை, முனீஸ் என்று ஒரே மகன், அவன் வேறொரு கம்பெனியில் டெய்லர். ஜமுனாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் வந்தவரே அந்த அம்மாதான். நான் விஷயத்தைச் சொன்னதும் இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தார். அட்டையை என் மேசையில் வைத்தார்.

“எம் பேர்ல போடணும்னா போட்டுக்கங்க தம்பி. அந்தப் புள்ள பொழச்சா சரி. நான் என்ன சீக்காவா கெடக்கேன், எனக்கு எதுக்கு அது?”

அவருடைய விரலை வைத்துக் கைரேகை எடுத்தேன். நோயாளி படுக்கையில் இருப்பது போல ஒரு படமும் அனுப்பியாக வேண்டும். காலியான படுக்கையில் அவரைப் படுக்கச் சொன்னேன். போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சிரிக்காதீங்கக்கா, வலிக்கிற மாதிரி இருங்க” என்றேன். முகத்தைச் சுளித்துக் காட்டினார். படம் நன்றாக விழுந்தது. ஒப்புதல் உடனே வந்தது.

இது குற்றம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அங்கே இருந்த எல்லாருமே நல்லதைத்தான் நினைத்தார்கள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அறுவை சிகிச்சை முடிந்தது. நோயாளிகளைப் பார்த்துச் சரிபார்க்கத் திட்டத்தின் ஆட்கள் சில சமயம் வார்டுக்கே வருவார்கள். முகத்தையும் வயதையும் அட்டையோடு ஒப்பிட மாட்டார்கள், பெயரை மட்டும் கேட்பார்கள். அதனால் ஜமுனாவுக்குப் பெயரைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. பழைய வேலையில் பழகிய இந்தி எனக்கு உண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் படுக்கைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். உன் பெயர் என்ன என்று இந்தியில் கேட்பேன். “ராக்கம்மா” என்பாள். கடைசி எழுத்து அவளுக்கு வரவில்லை. நர்ஸ்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அப்புறம் தொற்று உடம்பு முழுவதும் பரவியது. காய்ச்சலில் அவள் தன் சொந்தப் பெயரையே சொல்ல ஆரம்பித்தாள். யாரோ கூப்பிடுவது போலவும் தான் பதில் சொல்வது போலவும், ஜமுனா, ஜமுனா என்று. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் கவனிக்கத் தொடங்கினார்கள். நான் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, திரும்பத் திரும்பக் கேட்டேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். “ராக்கம்மா” என்றாள். நல்ல பெண். சொன்னால் கேட்டுக்கொள்வாள்.

அவள் பேசியது அதுதான் கடைசி.

இறந்த பிறகு வேறு வழி இருந்ததா என்று நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். தாள்களில் எல்லாம் ராக்கம்மாள் என்று இருந்தது. மின்மயானத்துக்கு உடல் போக ஒரு பெயர் வேண்டும். உண்மையான பெயரைப் போட்டால் போலீஸ், பிரேதப் பரிசோதனை, யார் அனுமதித்தது என்று தொடங்கி மருத்துவமனையையே திட்டத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். எங்களிடம் டயாலிசிஸுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் எங்கே போவார்கள்? இறந்துபோன ஒரு பெண்ணுக்காக உயிரோடு இருக்கும் அத்தனை பேரையும் கஷ்டப்படுத்துவது நியாயமாக எனக்குப் படவில்லை. ராக்கம்மாள் இறந்ததாக ஏற்றினேன். உறவினர் என்று பிரதீப்பின் யூனிட் சூப்பர்வைசர் ஒருவர் கையெழுத்துப் போட்டு உடலை எடுத்துப் போனார். சான்றிதழும் அந்தப் பெயரிலேயே வந்தது.

ஜமுனாவின் அண்ணனுக்குப் போன் செய்தது நான்தான். பிரதீப்புக்கு இந்தி சரியாக வராது. யாரோ ஒரு பையனோடு வேலையை விட்டுப் போய்விட்டாள், எங்கே என்று தெரியவில்லை என்று சொன்னேன். அவர் கத்தினார், அப்புறம் அழுதார். சாவுச் செய்தியைக் கேட்பதைவிட அது அவர்களுக்குச் சுலபம் என்று நினைத்தேன். இன்னும் தேடிக்கொண்டிருப்பார்கள். தேடுகிறவர்களுக்கு ஒரு நம்பிக்கையாவது மிச்சம் இருக்கும் இல்லையா?

ராக்கம்மாள் அப்போது ஊரில் இல்லை. மகனுக்குப் பெண் பார்க்க அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தார். திரும்பி வந்ததும் வார்டை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார், கையில் ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தோடு.

“அந்தப் புள்ள எங்க தம்பி, வார்டுல காணமே?”

“நல்லா ஆயிருச்சுங்கக்கா. அவங்க ஊர்ல இருந்து ஆளு வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க.”

அவர் முகம் அப்படி மலர்ந்தது. பழத்தை நர்ஸ்களிடம் கொடுத்துவிட்டு, “போறப்ப ஒரு வார்த்த சொல்லிக்கிடாமப் போயிருச்சே கழுத” என்று சொல்லிக்கொண்டே போனார். அந்தச் சந்தோஷத்தை அவருக்கு நான் கொடுத்தேன் என்று நினைத்துக்கொள்வேன். அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். அது இனிமேல் வேலை செய்யாது என்பதைச் சொல்லவில்லை. சொல்லத்தான் இருந்தேன். ஆனால் ஆரோக்கியமாக இருப்பவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? அவருக்கு அது தேவைப்படாமலே போகலாம். எத்தனையோ குடும்பங்களின் அட்டை பீரோவிலேயே கிடக்கிறது.

தை முடியும்போது அவர் மறுபடி வந்தார். படியேறும்போது நெஞ்சை அடைக்கிறது, இடது தோள்பட்டையில் யாரோ மிதிப்பது போல வலி என்றார். எங்கள் டியூட்டி டாக்டர் இளம்பெண். படிப்பை முடித்துப் புதிதாகச் சேர்ந்தவர். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கும் போலிருக்கிறது, உடனே சேர்த்து ஆஞ்சியோ செய்ய வேண்டும் என்று எழுதி, அட்டையோடு என் மேசைக்கு அனுப்பினார். அந்த வசதி எங்களிடம் இருந்தது. திட்டத்திலும் அந்தச் சிகிச்சை இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது. ராக்கம்மாள் மட்டும்தான் செத்துப்போயிருந்தார்.

அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு கணினியைப் பார்த்தேன். எண்ணை அடிக்கவில்லை. என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

“என்ன தம்பி, போட்டுட்டீகளா?”

“அட்டையைப் புதுப்பிக்கணுங்கக்கா. நீங்க எங்கயும் அலைய வேண்டாம், நானே பாத்துக்கறேன். அப்ரூவல் வந்ததும் போன் பண்றேன்.”

“டாக்டரம்மா இப்பவே படுக்கணும்னு சொன்னாகளே.”

“புது டாக்டருங்க. கொஞ்சம் பயமுறுத்துவாங்க. மாத்திரை குடுத்திருக்காங்கல்ல, அதைத் தவறாமப் போடுங்க.”

கும்பிட்டுவிட்டுப் போனார். அட்டை என்னிடமே இருந்தது. யோசித்துப் பாருங்கள், அதைக் கையில் கொடுத்திருந்தால் அவர் வேறு எங்காவது கொண்டுபோய் நீட்டியிருப்பார். அங்கே மேசையில் இருக்கும் வேறொருவர் எண்ணை அடித்துப் பார்த்திருப்பார்.

நான் எதுவும் முயற்சி செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம். பதிவைத் திருத்த வழி இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கிறது. ஆனால் இறந்தவர் எப்படி உயிரோடு வந்தார் என்று எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும். நிர்வாக இயக்குநரிடம் சொல்லி இலவசமாகச் செய்யச் சொல்லலாமா என்றும் யோசித்தேன். அவர் நல்ல மனிதர், செய்தும் இருப்பார். ஆனால் ஏன் என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டு அவர் அறை வரைக்கும் போனேன். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

அந்த டாக்டர் ஒரு நாள் கேன்டீனில் என்னைப் பிடித்துக்கொண்டார். “அந்தச் செக்கிங் அம்மா, ராக்கம்மாள், அட்மிட் ஆகவே இல்லையே சார்?”

“அவங்க கோயம்புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க மேடம்.”

“அப்பாடா. எங்கேயாவது பார்த்தா சரி” என்றார். அப்புறம் கேட்கவில்லை.

ராக்கம்மாள் வாரத்துக்கு ஒரு முறையாவது வந்தார். யூனிட்டில் அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு வருவார். ஒவ்வொரு முறையும் நான் அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகப் பதில் சொன்னேன். முதலில் மாநில அரசிலிருந்து வர வேண்டும் என்றேன். அப்புறம், மாநிலத்தில் முடிந்துவிட்டது, டெல்லியில் நிற்கிறது என்றேன். இந்தச் சிகிச்சைக்கு இரண்டு அரசாங்கமும் கையெழுத்துப் போட வேண்டும், ஒருவர் போட்டால் ஒருவர் போடவில்லை என்றேன். அப்படி எதுவும் கிடையாது. ஆனால் இதைக் கேட்டு இதுவரை யாரும் சந்தேகப்பட்டதில்லை. சென்னையை எதிர்த்துக் கேட்கவோ டெல்லிக்கு நேரில் போய்ப் பார்க்கவோ செக்கிங் மேசையில் நிற்கும் ஒரு பெண்ணால் முடியாது. அந்தப் பெயர்களைச் சொன்னதுமே அவர் முகத்தில் ஒரு மரியாதை வந்துவிடும். தனக்காக அவ்வளவு தூரத்தில் யாரோ தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்.

“ரெண்டு கவர்மெண்டும் பாக்குதுன்னா சும்மாவா? வரட்டும் தம்பி, மெதுவா வரட்டும்” என்றார் ஒரு முறை, எனக்கு ஆறுதல் சொல்வது போல.

மாசிக் கடைசியில் அவர் வந்த நாளை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நீங்கள் அறிய விரும்புவது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு முனீஸும் கூட வந்திருந்தான். அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்து நடத்தி வந்தான். வாசலிலிருந்து என் மேசை வரை வருவதற்குள் அவருக்கு இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. உதடு வெளுத்திருந்தது. முனீஸ்தான் பேசினான்.

“சார், இதுக்கு மேல காத்திருக்க முடியாது சார். கம்பெனில ஒரு அண்ணன் சொன்னாரு, கோயம்புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா அங்கயே பாத்துருவாகளாம். நாளைக்குக் காலைல ரயில்ல கூட்டிட்டுப் போறேன். அட்டைய மட்டும் குடுங்க.”

அவன் கேட்டதில் தவறே இல்லை. அங்கே பார்த்திருப்பார்கள். அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த நிலையில் வருகிறவரைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். அது எனக்கு மற்ற யாரையும்விட நன்றாகத் தெரியும். ஆனால் சேர்த்த பிறகு யாராவது ஆதாரை வாங்கிக் காப்பீட்டில் ஏற்றுவார்கள். ஏற்றினால், இவர் ஐப்பசியில் எங்கள் மருத்துவமனையில் இறந்துவிட்டார் என்று திரையில் வரும்.

நான் முனீஸைப் பார்க்கவில்லை. அவன் அம்மாவைப் பார்த்துப் பேசினேன். அவர் என்னை நம்புகிறவர்.

“உங்க இஷ்டமுங்கக்கா. ஆனா ஒன்னு சொல்லிடறேன். நீங்க அங்க போய்ச் சேந்தா, இங்க போட்டிருக்கற அப்ரூவல் கேன்சல் ஆயிரும். மறுபடியும் மொதல்ல இருந்து வரணும். இன்னும் ஒரு வாரம் பொறுத்தீங்கன்னா கைக்கு வந்துரும்.”

அவர் மகனைப் பார்த்தார். “கேட்டியாடா? இம்புட்டு நாளு இந்தத் தம்பி நமக்காக அலஞ்சது வீணாப் போயிரும். ஒரு வாரந்தான, இருந்துருவோம்.”

“அம்மா, உன்னால நடக்கவே முடியல.”

“நோவு எனக்கு, நான் சொல்றேன். வாடா.”

முனீஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். “ஒரு வாரத்துல உறுதியா வந்துருமா சார்?” என்று கேட்டான்.

“உறுதியா வந்துரும்” என்றேன்.

அவ்வளவுதான். நான் யாரையும் அடிக்கவில்லை. விஷம் வைக்கவில்லை. ஒரு வாக்கியம் சொன்னேன், அதையும் மரியாதையாகச் சொன்னேன்.

அவர் அந்த வாரத்திலேயே இறந்துவிட்டார். வீட்டில் சும்மா இருந்தால் நெஞ்சுவலியே நினைப்பில் இருக்கிறது என்று வேலைக்குப் போயிருக்கிறார். டீ நேரத்தில் செக்கிங் மேசையிலேயே, துணி மீது தலையைச் சாய்த்திருக்கிறார். தூங்குவதாக நினைத்துப் பக்கத்திலிருந்தவர்கள் எழுப்பாமல் விட்டிருக்கிறார்கள். மணியடித்து எல்லாரும் திரும்பி வந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது.

பிரதீப் எனக்குத்தான் போன் செய்தான். “அண்ணா, இப்ப என்னங்ணா பண்றது?”

நான் பதறவில்லை. எங்கள் ஆம்புலன்ஸை அனுப்பினேன். டிரைவரிடம், எந்த மருத்துவமனைக்கும் போக வேண்டாம், நேராக அருப்புக்கோட்டை என்று சொன்னேன். முனீஸிடம் பேசி, அம்மா பிறந்த மண்ணில் அடக்கம் செய்வதுதான் முறை, வண்டிக்கு நீ எதுவும் தர வேண்டாம் என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எல்லாரும் போன பிறகு என் மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, அன்றைக்கு என் மனம் லேசாக இருந்தது. மாதக்கணக்கில் முதல் முறையாகக் கணினியில் இருந்ததும் வெளியே இருந்ததும் ஒன்றாகிவிட்டன. அந்த எண்ணை அடித்துப் பார்த்தேன். ராக்கம்மாள், இறந்தவர். இப்போது அது உண்மை.

அங்கேயே நிறுத்தியிருந்தால் நீங்கள் இன்று வந்திருக்க மாட்டீர்கள். உதவி செய்யும் குணம்தான் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. காரியம் எல்லாம் முடிந்து முனீஸ் வந்தான். வங்கிக்கும் ரேஷன் கார்டுக்கும் இறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள், ஊரில் யாரும் பதிவு செய்யவில்லை, எங்கே போவது என்று தெரியவில்லை என்றான். பையன் அலைவானே என்று இருந்தது. ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே என்று ஐப்பசிச் சான்றிதழின் பிரதி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பெயர் சரி, வயது சரி, தகப்பன் பெயர் சரி. தேதியை யார் படிப்பார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் அவன் திரும்பி வந்தான். கோபமாக இல்லை. தாளை என் முன்னால் வைத்து, தேதி மேல் விரலை வைத்தான்.

“சார், இந்தத் தேதில எங்கம்மா எனக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருந்துச்சு. போட்டோ இருக்கு சார். பொண்ணு வீட்டுல காபி குடிக்கிற போட்டோ.”

அச்சுப் பிழையாக இருக்கும் என்றேன்.

“அப்ப இங்க செத்தது யாரு சார்?”

டைப் செய்கிறவர்கள் சில சமயம் இப்படிச் செய்வார்கள், திருத்தித் தருகிறேன் என்றேன். அவன் தாளைத் தரவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “எங்கம்மாவக் கோயம்புத்தூருக்கு விடாம வச்சது இதுக்குத்தானா சார்?” என்று கேட்டான். சத்தமாகக் கூடக் கேட்கவில்லை. அதே வாரம் கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்திருக்கிறான். டெய்லர் வேலை பார்க்கும் பையன் அவ்வளவு தூரம் போவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நீங்கள் கேட்டீர்கள், ராக்கம்மாள் இறந்துபோவார் என்று எனக்குத் தெரியுமா என்று. இவ்வளவு நேரம் சுற்றி வந்ததற்கு மன்னியுங்கள். தெரியும். ஈ.சி.ஜி.யைப் பார்த்த அன்றே டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார், இது அதிக நாள் தாங்காது என்று. ஒவ்வொரு வாரமும் அவர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வரும்போது, இன்னும் வருகிறாரே என்று எனக்குள் ஒரு சலிப்பு வரும். காத்திருந்தது அவர் மட்டும் இல்லை. ராக்கம்மாளை நான்தான் கொன்றேன். ஜமுனாவின் சாவையும் நான்தான் மறைத்தேன். அவளுடைய அண்ணனின் எண் என் போனில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். இதில் பிரதீப்பின் பங்கு எவ்வளவோ அதையும் சொல்லிவிட்டேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

முனீஸுக்கு இப்போது காப்பீட்டு அட்டை கிடையாது. குடும்ப அட்டை அம்மா பேரில் இருந்தது. அவன் தன் பேரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், வருமானச் சான்றிதழ் வேண்டும். வாடகை வீட்டுக்காரனுக்கு அது அலைச்சல். அவனிடம் சொல்லுங்கள், நான் வெளியே வந்ததும் நானே கூட இருந்து முடித்துக் கொடுக்கிறேன். என்னைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். ஆனால் என் மேசைக்கு உதவி கேட்டு வந்த ஒருவரைக் கூட, இங்கே முடியாது, வேறு இடத்துக்குப் போங்கள் என்று நான் சொன்னதே இல்லை. விசாரித்துப் பாருங்கள்.